புழல் வாசலில் இன்னும் எத்தனை காலம்?



புழல் சிறைக்கு வழி சொல்ல நம் தாய்மார்களில் பலருக்கு யாரும் தேவையில்லை. ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எந்த பஸ் பிடிக்க வேண்டும், மனு பார்க்க எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், என்ன ஆவணம் கேட்பார்கள், எதை உள்ளே விடுவார்கள், எதைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மகனுக்காகச் சென்றவர் உண்டு. கணவனுக்காகச் சென்றவர் உண்டு. பேரனின் முகம் பார்க்கச் சென்ற பாட்டியும் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. அந்தச் சிறை எப்படி இயங்குகிறது, ஒரு மனிதன் எந்தெந்தக் காகிதங்களின் வழியாக அதற்குள் போகிறான், எந்தக் காகிதம் அவனை வெளியே கொண்டுவரும் என்பதைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர் உங்கள் மஹல்லாவில் ஒருவராவது இருக்கிறாரா? இன்ஜினியர் இருப்பார். எம்.பி.ஏ. இருப்பார். துபையில் கணக்கு எழுதுபவர் இருப்பார். குற்றவியல் படித்தவர்?

கைது என்றதும் கொதிக்கிறோம். சுவரொட்டி ஒட்டுகிறோம். பேரணி போகிறோம். அந்தக் கோபம் நியாயமானது, அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கோபத்துக்கு ஒரு படிப்பு வேண்டும். படிப்பில்லாத கோபம் சிறை வாசலில் கோஷமாகக் கரைந்துவிடும். உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான்!

இந்தப் படிப்பு எதைச் சொல்லித் தருகிறது?

குற்றவியல் என்றால் போலீஸ் வேலைக்கான படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமல்ல. குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது, யார் குற்றவாளி என்று அழைக்கப்படுகிறார், யார் தப்பிவிடுகிறார், காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் எப்படி வேலை செய்கின்றன, தண்டனை மனிதனைத் திருத்துகிறதா கெடுக்கிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது, சிறுவர்களை எப்படி நடத்த வேண்டும், தடயங்களை எப்படிப் படிக்க வேண்டும் - இவை அத்தனையும் இப்படிப்பின் பாடங்கள்.

இதற்காக டெல்லிக்கோ லண்டனுக்கோ போக வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே குற்றவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் மற்றும் குற்றநீதித் துறை இருக்கிறது. கடையைப் பார்த்துக்கொண்டே படிக்க விரும்புபவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் 1979 முதல் வேலூரில் இயங்குகிறது. அரசின் இரசாயனப் பரிசோதனைக்கூடமாக 1849-இல் தொடங்கிய தடய அறிவியல் பணியும் இதே சென்னை மண்ணில்தான் வளர்ந்தது.

எல்லாம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. நாம்தான் அங்கே இல்லை!

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றத்தை ஒட்டி, மண்ணடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நாம் கடை வைத்தோம், இரும்பு விற்றோம், பர்மா பஜாரில் வானொலிப் பெட்டி விற்றோம். அந்தக் கல்லூரிக்குள் நம்மில் எத்தனை பேர் போனோம்? 2018-இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தபோது பயன்படுத்தாதவர்கள் இப்போது தூரத்தைக் காரணம் சொல்கிறோம்.

எண்கள் சொல்வதைக் கேளுங்கள்!

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2019-ஆம் ஆண்டு இறுதி நிலவரப்படி தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட சிறைப் புள்ளிவிவரத்தில், தண்டனைக் கைதிகளில் முஸ்லிம்கள் 16.6 சதவீதம். விசாரணைக் கைதிகளில் 18.7 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றவாளி என்று தீர்ப்பானவர்களில் நம் பங்கைவிட, தீர்ப்பே வராமல் உள்ளே காத்திருப்பவர்களில் நம் பங்கு அதிகம்! தலித் மக்களும் இதே சுமையைச் சுமக்கிறார்கள். அதே ஆண்டில் தண்டனைக் கைதிகளில் அவர்கள் 21.7 சதவீதம், விசாரணைக் கைதிகளில் 21 சதவீதம். ஆக, இது ஒரு சமுதாயத்தின் கதை மட்டுமல்ல. எளியவர்கள் அத்தனை பேரின் கதை.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பைக் கேட்கவே இல்லை. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் நாட்டிலேயே முதலிடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்குத்தான்!

இந்த எண்ணை மேடையில் ஏறி முழங்கலாம். ஆனால் காரணம் என்ன என்று எதிரே இருப்பவர் கேட்டால்? காவல்துறையின் ஓரப்பார்வை ஒரு காரணம். வறுமை ஒரு காரணம். நல்ல வக்கீல் இல்லாதது ஒரு காரணம். ஜாமீன்தாரர் கிடைக்காதது ஒரு காரணம். நம் இளைஞர்களில் சிலர் உண்மையாகவே கெட்ட வழியில் போனதும் ஒரு காரணம். இதில் எது எவ்வளவு என்று பிரித்து, ஆதாரத்தோடு எழுதி, அரசின் மேசை மீதும் நீதிமன்றத்தின் மேசை மீதும் வைக்க ஓர் ஆள் வேண்டும். குற்றவியல் படித்தவன்தான் அந்த ஆள்!

எண்ணிச் சொல்பவனால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ருஸ்தம்ஜி என்ற காவல்துறை அதிகாரி தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். பீகார் சிறைகளுக்குள் சென்று, வழக்கே நடக்காமல் பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி 1979-இல் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அந்த மனுவில் முதல் பெயராக நின்றவர் ஹுசைனாரா காத்தூன் என்ற பெண். விரைவான விசாரணை என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலையாக அந்த வழக்கு வழிவகுத்தது.

ஹுசைனாரா என்ற பெயர் இன்று எல்லாச் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் பெயரை எழுதியவரும் வாதாடியவரும் நம்மவர் அல்லர். அவர்களுக்கு நன்றி சொல்வோம். கூடவே வெட்கப்படவும் செய்வோம்!

சட்டை சொன்ன சாட்சி

"இதெல்லாம் நமக்குப் புதிய படிப்பு" என்று சிலர் சொல்லக்கூடும். குர்ஆனின் 12-ஆவது அத்தியாயத்தை எடுத்து ஓதிப் பாருங்கள் சகோதரர்களே!

யூசுஃப் நபி (அலை) அவர்களின் சகோதரர்கள், ஓநாய் தின்றுவிட்டது என்று சொல்லி, இரத்தம் பூசிய சட்டையைத் தந்தையிடம் கொண்டுவந்தார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. சட்டையில் இரத்தம் இருந்தது, ஆனால் ஓநாயின் பல் பட்ட கிழிசல் இல்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பிறகு எகிப்தில் யூசுஃப் நபி மீது பொய்ப் பழி விழுந்தபோது, சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். பின்பக்கம் கிழிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டது. அதன் பின்னரும் அவர்கள் சிறைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். மன்னன் விடுதலை தந்து அழைத்தபோது உடனே ஓடி வரவில்லை. முதலில் அந்த வழக்கை விசாரியுங்கள் என்றார்கள். பழி நீங்கிய பிறகே வெளியே வந்தார்கள்.

தடயம், சாட்சியம், பொய் வழக்கு, சிறை, மறுவிசாரணை அத்தனையும் அந்த ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன!

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 2002 செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் பயங்கரவாதிகள் புகுந்து 30-க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்றார்கள். அது கொடுமையிலும் கொடுமை. அந்த வழக்கில் ஆறு முஸ்லிம்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் மூவருக்குத் தூக்கு. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஏன் தெரியுமா? சுட்டுக் கொல்லப்பட்ட பயங்கரவாதிகளின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக உர்தூ கடிதங்கள் சாட்சியமாக வைக்கப்பட்டிருந்தன. உடல்கள் குண்டு துளைத்து இரத்தத்தில் கிடந்தன. கடிதங்களில் இரத்தக் கறையும் இல்லை, துளையும் இல்லை! அதை நம்ப முடியாது என்றது நீதிமன்றம்.

யஃகூப் நபி பார்த்தது கிழியாத சட்டை. உச்ச நீதிமன்றம் பார்த்தது கறைபடாத கடிதம். பார்க்கத் தெரிந்த கண் ஒன்றுதான். அந்தக் கண் முதல் நாளே காவல் நிலையத்தில் இருந்திருந்தால்? விசாரணை நீதிமன்றத்தில் இருந்திருந்தால்? ஆறு பேரின் வாழ்க்கையிலிருந்து பத்தாண்டுகள் போயிருக்குமா? கோயிலில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களும் இதில் ஏமாற்றப்பட்டவர்கள்தாம். தவறான ஆளைப் பிடித்தால், சரியான ஆள் தப்பிவிட்டான் என்றுதானே பொருள்?

வட சென்னை மீது குத்திய முத்திரை

1876-இல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், குற்றவாளிகள் பிறவியிலேயே குற்றவாளிகள், மண்டை ஓட்டையும் தாடையையும் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதைப் பொய்யாக்கிவிட்டன. ஆனால் இங்கே வெள்ளைக்காரன் 1871-லேயே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. முழுச் சமூகங்களே பிறப்பால் குற்றவாளிகள் ஆக்கப்பட்டன. 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் 1952-இல் நாடு முழுவதும் நீங்கியது. அந்த மனப்பான்மை நீங்கியதா?

வட சென்னை என்றாலே ரவுடி என்கிறது சினிமா. தாடி வைத்தவன் என்றாலே சந்தேகம் என்கிறது டிவி. வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்கிறார்கள். வேலை கேட்டால் ஊரைக் கேட்கிறார்கள். இதற்கு நம்மிடம் வருத்தம் மட்டுமே இருக்கிறது. படித்தவனிடம் பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் சிறுவர் குற்றங்களைப் பல்லாண்டு கால வரைபடமாக்கி, 1942-இல் நூலாக வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஒட்டிய வறிய பகுதிகளில் குற்றம் அதிகமாக இருந்தது. அங்கே முதலில் ஜெர்மானியர் இருந்தார்கள். பிறகு ஐரிஷ்காரர்கள், போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள் என்று மாறி மாறி வந்தார்கள். ஆட்கள் மாறியும் அந்த இடத்தின் நிலை மாறவில்லை. வசதி வந்து வெளியேறியவர்களின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்துவிட்டது. அப்படியானால் குற்றம் இரத்தத்தில் இல்லை, இனத்தில் இல்லை, மதத்தில் இல்லை. கைவிடப்பட்ட இடத்தில் இருக்கிறது!

துறைமுகத்தின் கண்டெய்னர் லாரி வரிசை, எண்ணூரின் சாம்பல், மணலியின் புகை, விளையாட இடமில்லாத பிள்ளைகள், பாதியில் நின்ற படிப்பு - இவற்றை வைத்துக்கொண்டு ராயபுரம் முதல் எண்ணூர் வரை இப்படியோர் ஆய்வை யார் செய்வார்? இங்கே பிறந்து, இந்தத் தெருக்களில் வளர்ந்து, குற்றவியல் படித்த ஒரு பையனோ பெண்ணோதான் செய்ய வேண்டும்.

அந்த ஆய்வு நம்மையும் விடாது. விடவும் கூடாது. நம் தெருக்களில் கஞ்சா விற்கவில்லையா? போதை மாத்திரை புழங்கவில்லையா? நம் பையனின் சட்டைப் பையில் கத்தி இல்லையா? "நம்மவன்" என்பதற்காகக் குற்றவாளியைக் காப்பாற்றுவது சமுதாயப் பற்று அல்ல. உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்துரை கேட்டு வந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தம் சொந்த மகளே என்றாலும் சட்டம் ஒன்றுதான் என்றார்கள். அநியாயக்காரனான சகோதரனுக்கு உதவுவது என்றால் அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதுதான் என்றும் கற்றுத்தந்தார்கள்.

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. அது பெரும் குற்றம். யாரும் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதை நியாயப்படுத்த முடியாது. அந்த வழக்கில் கைதான அப்துல் நாசர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2007 ஆகஸ்டில் அவ்வழக்கிலிருந்து விடுதலையானார். அது பெரும் அநீதி. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லத் தெரிந்தவன்தான் நீதியைப் பேசத் தகுதியுள்ளவன்.

வியாபாரிகளே, உங்களுக்கும்தான்!

"படிப்பு இளைஞர்களுக்கு, நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையை மூடுவது தொடர்பான பிரச்சினையில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் பிணமானார்கள். அவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். உங்களைப் போன்ற வியாபாரிகள். மருத்துவச் சான்று, ரிமாண்ட் உத்தரவு, சிறைச் சேர்க்கை என்று மூன்று வாசல்களைக் கடந்துதான் அவர்கள் போனார்கள். எந்த வாசலிலும் ஒரு கை குறுக்கே நீளவில்லை. பிறகு உண்மையை நீதித்துறை நடுவர் முன் சொல்ல முன்வந்தவர் அதே நிலையத்தில் பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர். உள்ளே மனசாட்சியுள்ள ஒருவர் இருப்பதன் மதிப்பு இப்போது புரிகிறதா?

பழைய இரும்பு வாங்குகிறீர்கள். பில் இல்லை, விற்றவனின் முகவரி இல்லை. நாளை அது திருட்டுப் பொருள் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு உங்கள் மீது பாயும். செல்போன் சர்வீஸ் கடைக்கும் இதே கதிதான். மண்ணடியில் "குருவி"யாகப் போகும் ஏழைப் பையனிடம் ஒருவன் ஒரு பையைக் கொடுத்து அனுப்புகிறான். விமான நிலையத்தில் பிடிபட்டால் பையன் புழலில் இருப்பான். பையைக் கொடுத்தவன் அடுத்த பையனைத் தேடிக்கொண்டிருப்பான். இந்தச் சங்கிலி எப்படிப் பின்னப்படுகிறது, எங்கே அறுக்கலாம் என்பதும் குற்றவியலின் பாடம்தான்.

2020 பிப்ரவரி 14 இரவு வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது தடியடி நடந்தது. பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அன்றிரவு மண்டபத்துக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். கைது செய்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து ஓடியவர்கள் எத்தனை பேர்?

இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான நெறிகளை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை உள்ளன. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் (48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் (38). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (58). 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை (187). இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் அல்லாதவற்றில், உச்ச தண்டனையின் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்க வழி உண்டு (479). உபா சட்டம் என்றால் இந்தக் கணக்கு மாறும், குற்றப்பத்திரிகைக்கான காலம் 180 நாட்கள் வரை நீளும்.

குண்டாஸ் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு வரை உள்ளே வைக்கும் சட்டம். ஆனால் கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், தந்த நகலில் படிக்க முடியாத பக்கம், புரியாத மொழியில் ஆவணம் - இப்படிப்பட்ட காரணங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த உத்தரவுகள் ஏராளம். பக்கம் பக்கமாக உட்கார்ந்து படித்தவன் வெளியே கொண்டுவந்தான். படிக்காதவன் ஓராண்டு மனு பார்த்தான்.

சில ஆட்சேபங்கள்

"இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை காத்திருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதைச் சட்டத்தோடோ, தடய அறிவியலோடோ, சமூகப்பணியோடோ, கணினியோடோ சேர்த்துப் படிக்க வேண்டும். போட்டித் தேர்வும் எழுத வேண்டும். சார்பு ஆய்வாளர், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணிகளுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. உதவிச் சிறை அலுவலர், அரசு உதவி வழக்கு நடத்துநர் போன்றவற்றுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இருக்கிறது. இளைஞர் நீதிக் குழுமங்கள், தொண்டு நிறுவனங்கள், வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுகள் என்று வாசல்கள் பல. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 176-ஆவது பிரிவு. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிபுணர்கள் வானத்திலிருந்தா வருவார்கள்?

தமிழகத்தில் 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு வந்தது. எத்தனை போராட்டங்களுக்குப் பின் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2006-இல் சச்சார் குழு, இந்தியக் காவல் பணி அதிகாரிகளில் நாம் 4 சதவீதம்தான் என்று எழுதியது. ஒதுக்கீட்டைப் போராடி வாங்கினோம். விண்ணப்பம் போட ஆள் இல்லையென்றால் யாரைக் குறை சொல்வது?

"போலீசில் சேர்ந்தால் நம்மவனே நம்மை அடிப்பான்" என்பார்கள் சிலர். நம்மவனைக் காப்பாற்றவும் அவனை அங்கே அனுப்பவில்லை, அடிக்கவும் அனுப்பவில்லை. நீதியாக நடக்க அனுப்புகிறோம். சொந்தத்துக்கே எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் இட்ட கட்டளை.

"பெண்பிள்ளைகளுக்கு இது சரிப்படுமா?" என்றும் கேட்கிறார்கள். 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே புகார் சொல்லப் போகும் நம் சகோதரியின் நிலையைப் புரிந்துகொள்ள ஒரு பெண் வேண்டாமா? புழலில் பெண்களுக்கெனத் தனிச் சிறை இருக்கிறது. அங்குள்ள தாயோடு வளரும் குழந்தையைப் பற்றி யார் எழுதுவார்?

முன்னால் நடந்தவர்கள்

உலகம் முழுவதும் கைரேகையை வகைப்படுத்தப் பயன்பட்ட முறைக்கு "ஹென்றி முறை" என்று பெயர். எட்வர்ட் ஹென்றி அப்போது வங்காளக் காவல்துறையின் தலைவர். அந்த முறையின் கணிதத்தை வகுத்தவர் அவருக்குக் கீழ் வேலை பார்த்த அஜீஸுல் ஹக் என்ற முஸ்லிம் சார்பு ஆய்வாளர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். கைரேகைச் சீட்டுகளை 32-க்கு 32 என 1024 அறைகளில் பிரித்து அடுக்கும் வழியைக் கண்டவர் அவர்தான். அவரோடு உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901-இல் ஸ்காட்லாந்து யார்டு அதே முறையை எடுத்துக்கொண்டது. பெயர் வெள்ளைக்காரனுக்குப் போனது. மூளை நம் மண்ணுடையது.

புழலுக்கு முன் இருந்தது 1837-இல் தொடங்கிய பழைய மத்தியச் சிறை. 2006-இல்தான் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பழைய சிறையில் 1976-இல் மிசாக் கைதிகள் கொடூரமாகத் தாக்கப்பட்டதை விசாரித்தவர் யார்? நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல்! தாக்குதல் நடந்தது உண்மை என்று அவருடைய ஆணையம் எழுதியது. அடிபட்டவர்களில் இன்றைய தலைவர்களும் உண்டு. கம்பனை ஆய்ந்த அந்த முஸ்லிம் நீதிபதியின் அறிக்கை, சிறைக்குள் நடப்பதை நாட்டுக்குக் காட்டியது.

மும்பையின் ஷாஹித் ஆஸ்மி பதின்ம வயதிலேயே தடா சட்டத்தில் சிறைப்பட்டவர். வெளியே வந்து சட்டம் படித்தார். ஏழே ஆண்டு வக்கீல் வாழ்வில் 17 பேருக்கு விடுதலை வாங்கித் தந்தார். 2010 பிப்ரவரி 11 அன்று குர்லாவில் தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாதாடிக்கொண்டிருந்த 26/11 வழக்கின் ஃபஹீம் அன்சாரி சில மாதங்களில் விடுதலையானார். உச்ச நீதிமன்றமும் 2012-இல் அதை உறுதிசெய்தது. சிறை ஷாஹிதை உடைக்கவில்லை. படிக்கவைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ குற்றவியல், சட்டம், தடய அறிவியல் மூன்றில் ஒன்றுக்கு அனுப்பட்டும். செலவைப் பைத்துல்மால் ஏற்கட்டும். வசதியுள்ள வியாபாரிகளே, ஒரு கல்யாண விருந்தின் ஒரு வகைக் கறியைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் கட்டணம் தேறும்!

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரரோ பணமோ இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. உத்தரவு வந்து ஏழு நாட்களில் ஒருவர் வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் ஜாமீனுக்காகவும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்காகவும் வழி உண்டு. இதைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் எழுத நான்கு இளைஞர்கள் கொண்ட ஒரு குழு ஒவ்வொரு பகுதியிலும் வேண்டும். மதம் பார்க்காமல் எழுத வேண்டும்.

நீண்டகால ஆயுள் கைதிகளின் முன்விடுதலைக்காக எத்தனை மாநாடு போட்டோம்! 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் அரசு குழு அமைத்தது. அந்த மாநாடுகளுக்கு வந்தவர்களில் அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் எத்தனை பேர்? அடுத்த மாநாட்டுக்கு முன் அதை ஒரு முறையாவது படித்துவிட்டு வாருங்கள்.

இளைஞனே! பிளஸ்டூ முடித்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாயா? எல்லோரும் போகும் வரிசையில் நிற்பதற்கு முன் இந்த வரிசையையும் எட்டிப்பார். பட்டம் முடித்தவனா? முதுகலைக் குற்றவியலில் சேரும் தகுதியை இந்த ஆண்டு அறிவிப்பில் பார். வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடு.

புழல் வாசலில் நம் தாய்மார்கள் நின்றது போதும். அந்த வாசலுக்குள் அதிகாரியாக, ஆய்வாளராக, வக்கீலாக, நன்னடத்தை அலுவலராக நம் பிள்ளைகள் போகட்டும். குற்றவாளியைத் திருத்தவும் நிரபராதியை மீட்கவும் போகட்டும். நீதியாளர்களை நேசிக்கும் இறைவன் அந்த முயற்சிக்குத் துணை நிற்பான், இன்ஷா அல்லாஹ்.